பழைய மைட்டர் ரம்பமும் புதிய அலகும்

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில், பதினெட்டாம் குறுக்குத் தெருவில், மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளது. மைசூர் சமஸ்தானம் 1938-இல் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கிய இது, 1956-இல் மத்திய அரசின் பொறுப்பில் வந்து, 1988-இல் இப்பெயரைப் பெற்றது. மரத்தைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சிக்கும் ஒரு பழைய ரம்பத்தைப் பழுது பார்ப்பதற்கும் தொடர்பு என்ன என்று கேட்கலாம். சட்டத்தின் மூலை வாய் பிளந்தால், குற்றம் ரம்பத்தினுடையதா மரத்தினுடையதா என்று பாராமலே நல்ல கருவிகள் பல பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன.

மைட்டர் ரம்பம் என்பது குறித்த கோணத்தில் மரத்தை அறுக்க உதவும் கைக்கருவி. வார்ப்பிரும்புப் பீடம், மரம் சாய்ந்து நிற்கும் செங்குத்துச் சுவர், திரும்பும் கை, கையின்மேல் வழிகாட்டிக் கம்பங்கள் ஆகியவை அதன் உறுப்புகள். ஒரு வகையில் மெல்லிய அலகு சட்டகத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கையைத் திருப்பவேண்டிய கோணத்தை மாணவரே கணக்கிடலாம். 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். நாற்கோணச் சட்டத்திற்கு 45 பாகை, அறுகோணத்திற்கு 30, எண்கோணத்திற்கு 22½.

துருவை நீக்க, பாகங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிடவேண்டும். பிடிவாதமான துருவிற்குப் புளிக்கரைசல் ஏற்றது. பின்னர்ச் சலவைச் சோடா நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு திரும்பும். கம்பங்களையும் அலகு ஓடும் பிளவையும் அரத்தால் தேய்ப்பது பெருந்தவறு. அலகை மாற்றிக்கொள்ளலாம், தேய்ந்த பிளவை மாற்ற முடியாது.

கடைக்காரர் பெரும்பாலும் நீளத்தை மட்டுமே கேட்பார். நான்கு அளவுகள் தேவை: இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம், அகலம், கனம், அங்குலத்திற்கு எத்தனை பல் என்பது. ஆகவே பழைய அலகைத் தூக்கி எறியாமல் உடன் எடுத்துச் செல்வது நன்று. தேக்கில் மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் பல் விரைவில் மழுங்கும். தேக்கே மிகுதியாக அறுபடும் பட்டறையில் இரண்டு அலகுகள் வாங்கி வைப்பது வீண்செலவன்று. சரியான அலகு கிடைக்காதபோது, அதே அகலமும் கனமும் உள்ள பட்டை ரம்பத் துண்டை வெட்டிக்கொள்ளலாம். முனைகளை மட்டும் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்ட பிறகே துளையிட இயலும்.

அலகை இறுக்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கவேண்டும். தெளிந்த ஒலி எழுந்தால் இறுக்கம் போதுமானது. தளர்ந்த அலகு மரத்தின் மென்மையான பகுதியை நாடி வளைந்து செல்லும்.

அடுத்த சோதனை இன்றியமையாதது. இரு ஓரமும் இணையாக இழைத்த பலகையைச் செங்கோணத்தில் அறுத்து, ஒரு துண்டை மட்டும் கீழ்மேலாகப் புரட்டி, இரண்டையும் நேரான விளிம்பொன்றின்மீது ஒட்டவைத்துப் பார்க்கவேண்டும். தெரியும் இடைவெளி பிழையின் இருமடங்கு. பிழை இருந்தால் சுவரின் திருகாணிகளைத் தளர்த்தி, ஒரு பக்கத்தில் தாள் துண்டு செருகித் திருத்தலாம். கால் பாகைதானே என்று விட்டுவிடலாகாது. நாற்கோணச் சட்டத்தில் வெட்டுகள் எட்டு, கடைசி மூலையில் இரண்டு பாகையாகக் கூடி நிற்கும்.

இத்தனையும் செய்தபின் மூலை பிளந்தால் மரத்தைச் சோதிக்கவேண்டும். மரம் உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறையச் சுருங்காது. ஈரமரத்தில் 45 பாகையாக அறுத்த முனை, அகலம் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் ஏறத்தாழ 43½ பாகையாகிவிடும். இரு துண்டுகளும் சேர்ந்து மூன்று பாகை திறப்பு! இப்பிளவு எப்போதும் சட்டத்தின் உட்புறத்திலேயே தோன்றும். அறுத்த அன்று பொருந்திய மூலை சில வாரங்களில் உட்புறம் திறந்தால் அது ஈரத்தின் வேலை. அறுத்த உடனேயே பொருந்தாவிட்டால் கருவியைப் பார்க்கவேண்டும். ஐயம் நீங்காவிட்டால், பழைய வீட்டுச் சாளரத்திலிருந்து கழற்றிய, நன்கு உலர்ந்த தேக்குத் துண்டொன்றை அதே ரம்பத்தால் அறுத்துப் பார்க்கலாம்.