பாதரசம்: பெயர் ஒன்று, உருவம் பல

முன்னுரை

சித்த மருத்துவ நூல்கள் பாதரசத்தை ஒரே பெயரால் அழைத்து அமையவில்லை. ஓடும் நீர்மத்தை இரசம் என்றன. அது கந்தகத்தோடு கூடியதை இலிங்கம் என்றன. அதன் குளோரைடு உப்புகளைப் பூரம், வீரம் என வேறுபடுத்தின. பகுதி ஒன்றேயாயினும் ஏற்கும் விகுதியால் சொல்லின் பொருள் வேறுபடுதல் போல, பாதரசமும் தான் சேரும் பொருளுக்கேற்பக் குணம் மாறும். அதனைப் பிரித்தறியும் ஆய்வுக்கூடமும் ஒருவகையில் பகுபத இலக்கணமே பயில்கிறது எனலாம்.

உருவமும் நஞ்சும்

உடைந்த வெப்பமானியின் பாதரசம் வாய்வழிச் சென்றால் குடல் அதனைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலோ, ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கிவிடும். நீர்நிலைச் சேற்றில் வாழும் சில பாக்டீரியங்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனின் தசையில் சேரும் இதனை, உண்பவர் உடல் ஏறக்குறைய முழுமையாக ஏற்கும். தாயிடமிருந்து கருவின் மூளையையும் அது சென்று தாக்கும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட கொடுநோய்க்குக் காரணம் இவ்வுருவமே.

பிரித்தறியும் முறை

மொத்த அளவு காண, நீர் மாதிரியில் புரோமின் மோனோகுளோரைடு சேர்த்து எல்லா உருவங்களையும் ஒரே அயனியாக்குவர். பின்னர் ஸ்டானஸ் குளோரைடு சேர்க்க, அவ்வயனி ஆவியாகும் பாதரசமாக மீளும். ஆர்கன் வாயு சுமந்து செல்லும் அவ்வாவி, 253.7 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என அளப்பர். இம்முறை ‘எவ்வளவு’ என்னும் வினாவிற்கு விடை தரும். ‘எது’ என்னும் வினாவிற்குத் தாராது.

அதற்கு முதற்கண் வேறொரு மாதிரியைக் காய்ச்சி வடிப்பர். அரபு வேதியலார் ‘அன்பீக்’ எனவும் சித்தர் ‘வாலை’ எனவும் வழங்கிய வடிகலத்தை நினைவூட்டும் முறை இது. வடிநீரில் எத்தில் தொகுதியை ஏற்றும் வினைபொருளை இட்டால், மெத்தில் பாதரசம் ஒரு சேர்மமாகவும், கனிமப் பாதரசம் மற்றொரு சேர்மமாகவும் மாறும். இரண்டும் எளிதில் ஆவியாவன. வாயுக் குரோமட்டோகிராபிக் குழாயில் மெத்தில் சேர்மம் முன்னும் மற்றது பின்னுமாக வெளிவரும். வெளிவரும் நேரம் உருவத்தைக் காட்டும். சூட்டில் சிதைத்து அளக்கும் ஒளிர்வு அதன் அளவைக் காட்டும்.

கொடைக்கானல் தரும் பாடம்

கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டறியப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. 2006இல் வெளிவந்த ஐதராபாத்து அறிவியலாளர் ஆய்வொன்று, கொடைக்கானல் ஏரியின் நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்ததெனவும், அதில் சுமார் 50 நானோகிராம் மெத்தில் உருவில் இருந்ததெனவும் காட்டியது. மொத்தத்தை மட்டும் அளந்திருந்தால், மீனுண்ணும் வீட்டாரை அச்சுறுத்தும் அந்த எட்டில் ஒரு பங்கு வெளிப்பட்டிராது. ஆலையில் பணியாற்றிய 591 பேருக்கோ 2016இல்தான் உடன்பாடு எட்டப்பட்டது. அவர்களை எதிர்கொண்டது மீனன்று, ஆவி.

முடிவுரை

நீரும் நிலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவற்றில் நஞ்சு உண்டா என வினவுவதோடு நில்லாது, எவ்வுருவில் உண்டு எனவும் வினவக் கற்பதே அவ்வமானிதத்தைக் காக்கும் அறிவாகும்.