கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ருங்குதா?

கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றைத் தொழிற்சாலையில் பூட்டி முடித்ததும், மின் இணைப்புக்கும் உலோக உடம்புக்கும் இடையே பொதுவாக 1,500 வோல்ட்டை ஓரிரு விநாடி கொடுத்துச் சோதிப்பார்கள். மாதிரிக்கு ஒன்றிரண்டை அல்ல, ஒவ்வொன்றையும். மூடிக்குள் நசுங்கிய வயர் கண்ணுக்குத் தெரியாதே!

கடையில் பவர் சப்ளையை மாற்றி மறுபடி பூட்டினால் அந்தச் சோதனை பழைய கதை. "மெகர் போட்டுப் பாருங்க" என்று கேளுங்கள். மல்டிமீட்டர் போதாது, அதன் சிறு பேட்டரிக்குப் பலவீனமான இன்சுலேஷன் சிக்காது. மெகர் 500 வோல்ட் டிசி கொடுக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகச் சேர்த்து, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியோடு அளக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பின்பக்க ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கணும். ஆஃபில் இருந்தால் ஸ்விட்ச் வரைக்கும்தான் சோதனை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வாங்கிட்டு வராதீங்க.

மெகரில் தேறியும் வீட்டில் ‘சுர்’ருன்னா? பெரும்பாலும் உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக ஏசி கொஞ்சம் கசியும். டிசி கசியாது, அதனால் மெகரில் தெரியாது. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.