பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகு பணம் பேசுங்கள்

கேள்வி: என்னுடையது 2018 மைவி கார். கிள்ளான், ஜாலான் தெங்கு கெலானாவில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. பின் பம்பரின் இடது மூலை பிளந்து தொங்குகிறது. பூட் கதவு மூடுகிறது, ஆனால் கொஞ்சம் உரசுகிறது. அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டேன். இடித்தவர், “500 வெள்ளி தருகிறேன், இதோடு முடித்துக்கொள்ளலாம்” என்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த பட்டறையில் அதே நிறத்தில் பழைய பம்பர் இருக்கிறதாம். அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம் என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: வேண்டாம் சகோதரி, பணத்தை இப்போது வாங்காதீர்கள். பம்பர் பிளந்ததை விட, பூட் உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக் உறை. அதற்குப் பின்னால் சில கார்களில் இரும்புக் குறுக்குச் சட்டம் இருக்கும். சில சிறிய கார்களில் அதுவும் இருக்காது, அடி நேராகப் பின்பக்கத் தகட்டில் இறங்கிவிடும். பூட்டைத் திறந்து, விரிப்பையும் ஸ்பேர் டயரையும் வெளியே எடுங்கள். டார்ச் அடித்து, தரைத்தகடு பின்சுவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே தகடு சுருங்கியிருந்தாலோ, இணைப்பில் பூசிய பசை வெடித்திருந்தாலோ, உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. சில மாதங்களில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும். பூட் கதவுக்கும் பின் விளக்குகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடனே ரிப்போர்ட் செய்தது மிக நல்ல காரியம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தவறு அவருடையது, இரண்டு கார்களுக்கும் முழுக் காப்புறுதி இருக்கிறது என்றால், உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமே ‘நாக் ஃபார் நாக்’ முறையில் கோரலாம். உங்கள் என்சிடி (கோரிக்கை செய்யாததற்கான தள்ளுபடி) குறையாது. பலர் இது தெரியாமல், என்சிடி போய்விடுமே என்று பயந்து ரொக்கத்துக்குச் சம்மதிக்கிறார்கள். ‘இனிக் கோரிக்கை இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு உள்ளே சேதம் தெரிந்தாலும் செலவு உங்கள் தலையில்தான்.

ஒன்றைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 5 வருடமான கார்களுக்குப் புதிய ஒரிஜினல் பாகம் போட்டால், அதன் விலையில் 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 வருடமான கார்களுக்கு 40 விழுக்காடு வரை உங்களையே கட்டச் சொல்லலாம். ‘பெட்டர்மெண்ட்’ என்பது அதுதான். தொகை எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

பழைய பம்பர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உள்ளே தகடு நலமாக இருந்தால் அது நியாயமான வழிதான். ஆனால் 2017 கடைசியில் வந்த மைவியும், 2021 கடைசியில் முகம் மாறி வந்ததும் ஒன்றல்ல. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ‘அதே நிறம்’ என்ற பேச்சை நம்பாமல், வெயிலில் காருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஆறேழு வருட வெயிலில் இரண்டு கார்கள் ஒரே மாதிரி வெளுப்பதில்லை. மறுபடி பெயிண்ட் அடிப்பதாக இருந்தால், பிளாஸ்டிக்குக்கான பிரைமர் பூசச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெயிண்ட் தோல் தோலாக உரிந்துவிடும்.

அரை மணி நேரம் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சக்கர வளைவில் உள்ள திருகுகள், அடியில் உள்ள கிளிப்புகள், பக்கத்துப் பிடிமானங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கழற்ற வேண்டும். அவசரத்தில் இழுத்தால் ரிவர்ஸ் சென்சாரின் ஒயர் அறுந்துவிடும். உடைந்த பிடிமானத்தில் புது உறையை மாட்டினால் மூலை மறுபடி தொங்கும், அதனால் பிடிமானங்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸ் கியர் போட்டு, ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, ஒவ்வொரு சென்சாராகச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.