இரத்த அழுத்தமும் வைரஸ் நோயும்: ஏ.சி.இ.-2 என்னும் நொதி

உடலுக்குக் காவலாக உள்ள பொருளே நோய்க்கு வாயிலாகவும் அமைவதுண்டு. ஏ.சி.இ.-2 என்னும் நொதி இதற்குத் தக்க சான்றாகும். இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி இறுகாமல் காப்பது இதன் தொழில். கோவிட் நோயை உண்டாக்கும் வைரஸ் மனித உயிரணுவினுள் புகுவதற்குப் பற்றிக்கொள்வதும் இதனையேயாம். 2020-ஆம் ஆண்டில் இந்நொதியைப் பற்றிய அரைகுறைச் செய்திகள் பரவியமையால், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்போர் தம் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என ஐயுற நேர்ந்தது. ஆகவே, இந்நொதியின் இயல்பையும், ஆய்வுக்கூடத்தில் இதனை ஆக்கிப் பயன்படுத்தும் முறையையும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் நன்று.

அழுத்தத்தை ஆளும் சங்கிலி

1898-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா நிலையத்தில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலின் இரத்தத்தில் செலுத்தியபோது, இரத்த அழுத்தம் உயர்வதைக் கண்டனர். அச்சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டனர். ரெனின் நேராக அழுத்தத்தை உயர்த்துவதன்று. அது இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டி, 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1 என்னும் துண்டை உண்டாக்குகிறது என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்கெக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் விளக்கிய ஏ.சி.இ. என்னும் நொதி, அத்துண்டின் கடைசி இரண்டு அமிலங்களை அகற்றுகிறது. எஞ்சிய 8 அமிலங்களைக் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2, இரத்தக் குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் உடலில் தங்கச் செய்து, அழுத்தத்தை உயர்த்துகிறது.

உயர்த்துவதற்கு ஒரு நொதி இருப்பின், தணிப்பதற்கும் ஒன்று வேண்டுமன்றோ? அதுவே ஏ.சி.இ.-2. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழுவும் இங்கிலாந்தில் ஒரு குழுவும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தன. 805 அமினோ அமிலங்களாலான இப்புரதத்தில் ஆழ்ந்த பிளவு ஒன்றுள்ளது. அப்பிளவினுள் ஒரு துத்தநாக அணு அமைந்துள்ளது. வெட்டும் வேலை அங்கேதான் நிகழ்கிறது. இது ஆஞ்சியோடென்சின்-2இன் கடைசி அமிலம் ஒன்றை மட்டும் நீக்குகிறது. எஞ்சும் 7 அமிலத் துண்டு, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் இயல்புடையது.

இதனை வகுப்பில் விளக்க, ஒரு நூலில் 10 மணிகளைக் கோத்துக் கொள்க. கடைசி இரண்டு மணிகளை உருவினால் ஏ.சி.இ.யின் வேலை முடிந்தது. மீதியுள்ள எட்டில் மேலும் ஒன்றை உருவினால் ஏ.சி.இ.-2இன் வேலை முடிந்தது. ஒரு மணியின் குறைவால் இறுக்கும் பொருள் தளர்த்தும் பொருளாவதை மாணவர் எளிதில் உணர்வர்.

வைரஸுக்கு வாயிலானமை

2002-ஆம் ஆண்டின் இறுதியில் தென்சீனாவில் தோன்றிய சார்ஸ் நோய் 8,000-க்கு மேற்பட்டோரைப் பற்றி, 774 பேரின் உயிரைக் கொண்டது. அவ்வைரஸ் உயிரணுவினுள் எவ்வாறு புகுகிறது என்று ஆராய்ந்தவர்கள், அதன் மேற்புறத்திலுள்ள முட்புரதம் ஏ.சி.இ.-2ஐப் பற்றிக்கொள்வதை 2003-இல் கண்டனர். 2019-இன் இறுதியில் வெளிப்பட்ட கோவிட் வைரஸும் இதே வாயிலையே நாடுவதாயிற்று.

வைரஸ் பற்றும் இடமும் நொதி வெட்டும் இடமும் ஒன்றல்ல. துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஹிஸ்டிடின் அமிலங்களை மாற்றிவிட்டால் நொதியின் வெட்டும் ஆற்றல் அழிந்துவிடுகிறது. ஆயினும் வைரஸ் அதனை முன்போலவே பற்றுகிறது. எனவே, காவற்றொழிலும் வாயிலாதலும் ஒரே புரதத்தின் இரு வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பது தெளிவு.

ஆய்வுக்கூடத்தில் ஆக்கும் முறை

உடலில் ஏ.சி.இ.-2இன் பெரும்பகுதி உயிரணுவின் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சிறு வால்பகுதி உறையில் ஊன்றியுள்ளது. ஊன்றிய பகுதியை விலக்கினால் எஞ்சியது நீரில் கரையும். ஆதலால், 18-ஆம் அமிலம் முதல் 740-ஆம் அமிலம் வரையுள்ள வெளிப்பகுதிக்குரிய மரபணுத் துண்டை மட்டும் எடுத்து, வளர்க்கப்படும் உயிரணுக்களினுள் புகுத்துகின்றனர். இவ்வாறு ஓர் உயிரின் மரபணுவை மற்றோர் உயிரணுவில் இணைத்துப் பெறுவதே மறுசேர்க்கைப் புரதம்.

இதற்குப் பாக்டீரியாவைக் காட்டிலும் பாலூட்டிகளின் உயிரணுக்களே ஏற்றவை. ஏ.சி.இ.-2இன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் பல இணைந்துள்ளன. சாதாரணப் பாக்டீரியா அவற்றை மனித உயிரணு இணைப்பதுபோல் இணைக்க வல்லதன்று. ஆகவே ஹாம்ஸ்டர் என்னும் எலியின் சூலக உயிரணுக்களோ மனித உயிரணு வகைகளோ பயன்படுத்தப்படுகின்றன. அவை நொதியை வளர்ப்புத் திரவத்தில் சுரக்கின்றன. புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் தொடர் ஒன்றை முன்கூட்டியே சேர்த்திருந்தால், நிக்கல் பூசிய மணிகள் நிறைந்த குழாயில் திரவத்தைச் செலுத்தும்போது நொதி மட்டும் மணிகளில் ஒட்டி நிற்கும். பின்னர் அதனைக் கழுவிப் பிரித்தெடுப்பர்.

நொதி உயிர்ப்புடன் உள்ளதா என அறியவும் வழியுண்டு. ஒளிரும் பொருளையும் அவ்வொளியை மறைக்கும் பொருளையும் இரு முனைகளில் தாங்கிய சிறு துண்டொன்றை நொதியுடன் சேர்ப்பர். நொதி அதனை வெட்டியவுடன் இரண்டும் விலக, ஒளி தோன்றும். ஒளி பெருகும் வேகமே நொதியின் ஆற்றலுக்கு அளவாகும். துத்தநாகத்தைக் கவர்ந்துகொள்ளும் இரசாயனப் பொருளைச் சேர்த்தால் ஒளி பெருகாது.

சோதனைகள் காட்டியவை

2005-இல் வெளியான ஆராய்ச்சியில், கடும் நுரையீரல் சேதமுற்ற சுண்டெலிகளுக்கு மறுசேர்க்கை மனித ஏ.சி.இ.-2 கொடுத்தபோது சேதம் குறைந்தது. 2020-இல் கரோலின்ஸ்கா நிலையத்தினர் உள்ளிட்ட குழுவினர், கரையும் ஏ.சி.இ.-2ஐக் கோவிட் வைரஸுடன் கலந்து உயிரணுக்களின் மேல் இட்டனர். வைரஸ் வீட்டின் உண்மைக் கதவை விட்டு, வெளியில் மிதந்த பொய்க்கதவுகளைப் பற்றியதால், தொற்று வெகுவாகக் குறைந்தது. சுண்டெலியின் ஏ.சி.இ.-2ஐ இட்டபோது அப்பயன் விளையவில்லை. ஒப்புநோக்கும் இச்சோதனையால், தொற்றைத் தடுத்தது மனித நொதியின் தனி அமைப்பே என்பது உறுதியாயிற்று.

எனினும் ஆய்வுக்கூட வெற்றி முழுவதும் மருத்துவ வெற்றியாகிவிடாது. கடும் நுரையீரல் நோயாளர்க்கு இந்நொதியை அளித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், ஆஞ்சியோடென்சின்-2 குறைந்தபோதிலும் இரத்தத்தில் பிராணவாயு நிலை உயரவில்லை. கோவிட் நோயாளரிடம் நடந்த சோதனையின் முதன்மை முடிவும் 2021-இல் ஐயமற்ற பயனைக் காட்டவில்லை. ஆராய்ச்சியில் இதன் மதிப்பு இதனாற் குறைவதன்று; ஆயின், இதனை மருந்தெனக் கூறுவது பிழையாகும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

எனலாப்ரில் போன்ற மருந்துகள் ஏ.சி.இ.யைத் தடுப்பவை; பெயரொற்றுமை இருப்பினும் ஏ.சி.இ.-2ஐ அவை தடுப்பதில்லை. லோசார்ட்டன் போன்றவை ஆஞ்சியோடென்சின்-2இன் செயலைத் தடுப்பவை. இம்மருந்துகள் உடலில் ஏ.சி.இ.-2ஐ மிகுவிக்கலாம் எனச் சில விலங்குச் சோதனைகள் காட்டியிருந்தன. அதனால் வைரஸுக்கு வாயில்கள் பெருகுமோ என்பதே 2020-இல் எழுந்த அச்சம். இதனைத் தீர்க்கப் பிரேஸில் நாட்டில், இவ்வகை மருந்துண்டுவந்த 659 கோவிட் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் மருந்தை 30 நாட்கள் நிறுத்தவும், மறு பிரிவினர் தொடரவும் செய்தனர். 2021-இல் வெளியான முடிவின்படி, நிறுத்தியவர்கள் யாதொரு நன்மையும் அடையவில்லை.

அழுத்த மருந்தைத் தாமாக நிறுத்துவதோ, பக்கவாதத்திற்கும் மாரடைப்புக்கும் இடந்தரும். ஆகவே, ஐயத்துடன் வருவோரிடம் களப்பணியாளர் கூறவேண்டுவது இதுவே: வைரஸுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தலாகாது, மாற்றம் வேண்டுமாயின் மருத்துவரே அதனைச் செய்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஏ.சி.இ., ஏ.சி.இ.-2 ஆகிய இரண்டும் வெட்டும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. நொதியின் வெட்டும் இடமும் வைரஸ் பற்றும் இடமும் வேறானவை என்பதை எச்சோதனையால் அறிகிறோம்?
3. 2020-ஆம் ஆண்டுச் சோதனையில் சுண்டெலியின் நொதியையும் பயன்படுத்தியது ஏன்?
4. உயிரணுக்களில் கண்ட பயன் நோயாளரிடம் அவ்வாறே தோன்றாமைக்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும்? மாணவருடன் ஆராய்க.