எதிர்பாராப் பொருளும் கல்வியும்

மாத ஊதியத்திற்கு நம் இல்லங்களில் முன்னரே இடம் வகுக்கப்பட்டிருக்கின்றது. வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம், கடன் வட்டி என அது தன் வழியே சென்றுவிடும். எதிர்பாராது வரும் பொருளுக்கோ அத்தகைய இடம் இல்லை. ஆகவே முதலில் கேட்பவர் கைக்கே அது போய்ச் சேருகின்றது. இக்குறையை நீக்கும் வழியே இன்றைய பாடம்.

தீக நிகாயத்தின் 31-ஆம் சூத்திரமாகிய சிகாலோவாதத்தில், ராஜகிருகத்து இளைஞனாகிய சிகாலனுக்குப் பகவன் பொருள் அழியும் ஆறு வாயில்களைக் காட்டுகின்றார். மது, அகாலத்தில் தெருச் சுற்றல், கேளிக்கை, சூது, தீயோர் நட்பு, சோம்பல் என்பன அவை. பின்னர், ஈட்டிய பொருளை நான்கு பங்காக்கி, ஒரு பங்கைத் துய்க்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், நான்காம் பங்கை இடர்க்காலத்திற்கென வைக்கவும் அறிவுறுத்துகின்றார்.

இதில் கல்விக்குப் பங்கு எங்கே எனச் சிலர் வினவுவர். வணிகனுக்குச் சரக்கு முதல். உழவனுக்கு நிலம் முதல். கூலியாளனுக்கோ கையும் அறிவுமே முதல். ஆதலின் அவன் கல்விக்கு இடும் பணம் தொழிலுக்குரிய இரு பங்கிலே அடங்கும் என்பது எம் கருத்து.

யாம் பெங்களூரில் ஓர் ஆலையின் நூற்புப் பகுதியில் வேலை செய்த காலத்தில், 'அரியர்ஸ்' என்று யாவரும் சொல்லும் ஊதிய நிலுவை ஒருமுறை மொத்தமாக வந்தது. பாதியை விருந்தில் விட்டோம். மீதிக்கு, கற்றவராகிவிட வேண்டும் என்னும் ஆவலால், பன்னிரண்டு தடித்த நூல்களை வாங்கினோம். அவை பரண்மேல் ஏறின. ஈராண்டில் பூச்சி அரித்தது. நூல் வாங்கிய யாம், அதைப் படிக்க ஒரு நாழிகையை ஒதுக்கவில்லை. பணம் நூலை வாங்கித் தரும். படிப்பை வாங்கித் தராது.

மறுமுறை எதிர்பாராத தொகை வந்தபோது 300 ரூபாயை மட்டும் கல்விக்கெனத் தனியே வைத்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் மாதம் 100 ரூபாய் வீதம் மூன்று மாதம், இரண்டாம் ஷிப்டுக்கு முன் நாள்தோறும் ஒரு மணி நேரம், ஆங்கில எழுத்தும் கணக்கும் பயின்றோம். எம் ஊதியச் சீட்டை யாமே படித்தறிய வேண்டும் என்பதற்கு மேல் வேறு நோக்கம் இல்லை.

ஆண்டுகள் கழிந்து ஆலை மூடப்பட்டது. பணிக்கொடைக் கணக்குத் தாளில் கையொப்பமிடச் சொன்னார்கள். அன்று நடப்பிலிருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி ஓராண்டுப் பணிக்குரிய தொகையைக் கணக்கிட்டனர். எம் ஊதியம் 5,200 ரூபாய். ஆகவே ஆண்டுக்கு 3,000. யாம் உழைத்தது 14 ஆண்டுகள். தாளில் இருந்ததோ 12. மனு எழுதினோம், விடுபட்ட 6,000 ரூபாயும் வந்தது. பின்னர் உடன் உழைத்தோர் தாள்களையும் படித்துப் பார்த்ததில், மேலும் நால்வர் கணக்கில் பிழை கண்டோம். படிக்காமல் ஒப்பமிட்டுச் சென்றவர் எத்தனை பேரோ என்பதே இன்றும் எம்மை வருத்துகின்றது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இவ்வுண்மையைக் காண்கிறோம். 1918-இல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது அவர் ஊதியம் மாதம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. எனினும் அவர் சிக்கனமாக வாழ்ந்து சேமித்தார். அச்சேமிப்புடன் கோலாப்பூர் மன்னர் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் சேர, 1920-இல் லண்டன் சென்று, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1923-இல் ரூபாயைப் பற்றிய ஆராய்ச்சிக்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆதலின் அன்பர்களே, பணம் வருமுன் பங்கு வகுத்துவிடுங்கள். வந்தபின் வகுப்பது அரிது. வீட்டாரையும் கலந்து, கல்விக்குரிய பங்கு இவ்வளவு, கற்பது இன்னது, கற்பிப்பவர் இன்னார், அதற்குரிய வேளை இன்னது என நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். வேளையை எழுத இயலாவிடில் நூலை வாங்காதீர்கள்; அப்பணத்தை இடர்க்காலப் பங்கில் சேர்த்து வையுங்கள். வேளை வாய்க்கும்போது அது கல்விக்கு உதவும்.