மூட்டு நோயும் தாதியரின் பணியும்

காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, உளியைப் பிடிக்க வெகுநேரம் ஆகின்றதா? இரு கைகளிலும் மூட்டுகள் வீங்கி, சில வாரங்களாகியும் வற்றவில்லையா? வேலைக் களைப்பென்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்த வேண்டா. அது முடக்குவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவரை நாடுங்கள். அரிக்கப்பட்ட மூட்டெலும்பு பழைய நிலையை அடைவதில்லை.

மருந்து தொடங்கிய பின் நீண்டகாலக் கண்காணிப்பு தேவை. பிரிட்டனில் இப்பணிக்கெனத் தனிப்பயிற்சி பெற்ற தாதியர் சிகிச்சையகங்களை நடத்துகின்றனர். அவர்கள் 28 மூட்டுகளைத் தொட்டு அழுத்தி வீக்கத்தையும் வலியையும் கணக்கிடுவர். இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆராய்வர். தேவையெனில் மருத்துவரிடம் அனுப்புவர். நோயாளியின் ஐயங்களைப் பொறுமையுடன் தீர்ப்பர். அங்கு 10 மருத்துவமனைகளில் 181 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2014இல் வெளிவந்த ஆய்வு, நோயைக் கட்டுப்படுத்துவதில் தாதியரின் கவனிப்பு மருத்துவரின் கவனிப்பிற்குக் குறைந்ததன்று எனக் காட்டியது.

தாதியர் வலியுறுத்தும் பாடம் ஒன்றுண்டு. இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே நாளில்தான் உட்கொள்ள வேண்டும். தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, அக்கிழமையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்; வீட்டாருக்கும் சொல்லுங்கள். மது, அம்மருந்துடன் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். கருவுற்ற பெண்கள் அதை உண்ணலாகாது. காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் கண்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி குறைந்ததென்று இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். தாதி கேட்கும்போது வலியையும் விட்டுப்போன மாத்திரையையும் மறைக்காமல் கூறுங்கள். உங்கள் உண்மையான விடையே அவருடைய கணக்கிற்கு அடிப்படை. பால்மரம் சீவும் கைகளுக்கும் அதுவே பாதுகாப்பு.