அறிவை இரவல் வாங்கலாமா?

கேள்வி: கணினித் திட்டம் எதுவாயினும் அரசாங்கம் வெளி ஆலோசகர்களையே நம்புகிறதே, இது முறைதானா?
- வாசகர், கற்பிட்டி

பதில்: ஆலோசனை கேட்பது குற்றமன்று; கேட்டதைச் சீர்தூக்கிப் பார்க்கும் திறமை தன்னிடம் இல்லாதபோது கேட்பதே ஆபத்து. மின்துறையையே உதாரணமாகப் பாருங்கள்: தங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில், சீனக் கடனுதவியுடன் சீன நிறுவனமொன்றால் நிர்மாணிக்கப்பட்ட 900 மெகாவாற்று அனல்மின் நிலையம், 2025 பெப்ரவரியில் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது செயலிழந்ததனால், அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டை நாம் அனுபவிக்க நேர்ந்தது. தேசத்தின் ஜீவாதாரமான இத்தகைய யந்திரங்களின் நுட்பங்களை முற்றாக அறிந்தவர்கள் நம் மின்சாரத் துறையிலேயே நிரந்தரமாக இருத்தல் அவசியம்.

கணினிக்கும் இதுவே நியாயம். 2022 இல் எரிபொருளுக்காக மக்கள் வீதியில் காத்துக்கிடந்த காலத்தில், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமும் உள்நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து உருவாக்கிய எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறை, நம்மவரின் ஆற்றலுக்குப் பிரத்தியட்சச் சான்றாகும். பிரித்தானிய அரசாங்கமும் வெளியாரையே நம்பியிராமல் 2011 இல் தனக்கென ஒரு டிஜிட்டல் சேவைப் பிரிவை ஸ்தாபித்தது.

ஆகவே, மென்பொருளின் மூலநிரலும் ஆவணங்களும் அரசுக்கே உரியனவாதல் வேண்டும். ஆலோசகர் விடைபெறுமுன் நம் உத்தியோகத்தர்களுக்குப் பூரண பயிற்சி அளித்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஒப்பந்தத்தில் அரசாங்கம் கையொப்பமிடலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.